நரி பேசிக் கொடுத்த பதவி

காட்டை ஆண்டுவந்த ஓநாய் செத்ததும் அந்த இடத்துக்கு இரண்டு ஓநாய்கள் போட்டிக்கு நின்றன. ஒன்று வேட்டையில் பெயரெடுத்த முரடன். இன்னொன்று செத்த ஓநாயின் வளர்ப்பு மகன், சின்னப் பையன்.

கிழட்டு நரிக்கு முரடனைக் கண்டாலே ஆகாது. பேச்சில் நரியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. பதினான்கு கூட்டங்களில் எழுந்து நின்று முரடனை நார்நாராகக் கிழித்தது. பாதிக் காடு பையன் பக்கம் சாய்ந்தது.

"இவன் நம் சொல்பேச்சு கேட்பான்" என்று நரி தன் மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னது. பையனும் நரியை வாய் நிறைய "அப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

பிறகு இரண்டு ஓநாய்களும் ஆற்று நடுத்திட்டில் உட்கார்ந்து பேசுவதாகச் செய்தி வந்தது. நான்காம் நாள் காக்கை வந்து நரியின் புதர்மேல் உட்கார்ந்தது.

"சமாதானமாகிவிட்டார்கள். காடு ஆளுக்குப் பாதி. ஆளுக்கு ஒரு உயிரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் பேச்சு. முரடன் உங்களைக் கேட்டான்."

நரி புதருக்கு வெளியே தலையை நீட்டியது. "பையன் என்ன சொன்னான்?"

"இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் எனக்கு அப்பா மாதிரி என்று அழுதேவிட்டான்."

நரியின் கண் கலங்கியது. ஆளைத் தான் தப்பாக எடைபோடவில்லை என்று நினைத்துக்கொண்டது.

"மூன்றாம் நாள்?"

"மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இருவருக்கும் வீடு திரும்புகிற அவசரம்."

புதருக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. காக்கை பறந்துபோகவில்லை. ஒரு கிளை மேலே ஏறி, வசதியாக உட்கார்ந்துகொண்டது.