ஏழில் செவ்வாய்

“சேர், அந்தச் செவ்வாயை ஒரு படம் எடுத்துத் தாங்கோ. முகம் தெளிவா விழவேணும்.”

குகதாசன் திரும்பிப் பார்த்தான். உரும்பிராய்ச் சனசமூக நிலைய முற்றத்தில், இரவு ஏழு மணிக்கு, அவனுடைய தொலைகாட்டியின் முன் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சந்திரனையே கேட்டிருந்தார்கள். முப்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க இந்தப் பெண் மட்டும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே செவ்வாயைக் கேட்டாள்.

“சந்திரன் எண்டால் குழியெல்லாம் வடிவாத் தெரியும். செவ்வாய் சின்ன ஆள்.”

“சின்ன ஆளோ பெரிய ஆளோ, எனக்கு அவரோடைதான் வழக்கு. என்ரை சாதகத்திலை ஏழிலை குந்தியிருக்கிறார். வாற மாப்பிள்ளையளைக் கலைக்கிறதுதான் அவருக்கு வேலை. இதுவரைக்கும் ஏழு பேர்.”

குகதாசன் சிரித்துவிட்டான். பௌதிகவியல் ஆசிரியனான அவன், சாதகம் என்று எவரேனும் வாயெடுத்தால் அரை மணி நேரம் ஆற்றுவதற்கு ஓர் உரையை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பவன்.

“உங்கடை பேர்?”

“அருந்ததி.”

“கலியாணத்திலை ஐயர் காட்டிற நட்சத்திரம்!”

“ஓம். எல்லாற்றை கலியாணத்திலையும் நான் நிக்கிறன். என்ரைதான் நடக்கேல்லை.”

அவன் தொலைகாட்டியைச் செவ்வாயின் பக்கம் திருப்பி, தன் கைத்தொலைபேசியை அதிலிருந்த கவ்வியில் பூட்டி, அதன் கமராவைப் பார்வைத்துண்டுக்கு நேராக மெல்ல நகர்த்தினான். கறுத்துக் கிடந்த திரையில் ஒரு வெள்ளைச் சுடர் துள்ளி விழுந்து, மறுகணமே மூலைக்கு ஓடி மறைந்தது.

“தொலைகாட்டியிலை முட்டாதேங்கோ, ஆடுது.”

“முப்பத்திநாலு வருசமா என்னை ஆட்டினவர். ஒரு நிமிசம் அவரும் ஆடட்டும்.” அருந்ததி சற்றே விலகி நின்றாள். “சேர் கலியாணம் முடிச்சிட்டியளோ?”

“இல்லை. அதெல்லாம் அம்மான்ரை வேலை. எனக்கு வானம் பாக்கவே நேரம் காணாது.”

வரிசையின் பின்னாலிருந்து யாகோப்பு அண்ணையின் குரல் எழுந்தது. “பிள்ளை, செவ்வாய் எங்கையும் ஓடாது! எனக்குச் சந்திரனைக் காட்டிப்போட்டுப் பேந்து கதையுங்கோ. வீட்டிலை புட்டு ஆறுது!”

குகதாசன் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தான். சுடர் சுருங்கியது, உருண்டது, செம்மஞ்சள் நிறத்தில் அடக்கமாக நின்றது. படத்தை எடுத்தான்.

அருந்ததி உற்றுப் பார்த்தாள்.

“இவ்வளவுதானோ? மைசூர்ப் பருப்பு மாதிரிக் கிடக்கு. உதுக்கே ஏழு ஆம்பிளையள் ஓடினவை?”

ஊரில் பாதிக் கலியாணங்களை மறித்து நிறுத்தும் அந்தப் பேரரசர், உள்ளங்கை அகலத் திரையில் ஒற்றைப் பருப்பாகக் கிடந்தார். கோள்களுக்கு வாய் இருந்திருக்குமானால், ‘நான் யாரையும் கலைக்கவில்லையே’ என்று அவரும் அன்று அழுதிருப்பார்.

“செவ்வாயிலை பிழையில்லை, ஓடினவைக்குத்தான் முதுகெலும்பில்லை,” என்றான் குகதாசன். உரை தொடங்கிவிட்டது. “கடைசியா ஓடின ஆள் என்ன சொன்னவர்?”

“அவர் ஒண்டுமே சொல்லேல்லை. சாதகத்தோடை குடுத்த என்ரை படத்தையும் பாக்கேல்லையாம். ‘அம்மா சொன்னாச் சரி’ எண்டிட்டாராம். தாய்க்காரி வாட்சப்பிலை ‘ஏழிலை செவ்வாய், சரிவராது’ எண்டு அனுப்பிவிட்டா. அதோடை அப்பாவும் இனி ஒருத்தருக்கும் சாதகம் குடுக்கிறேல்லை எண்டிட்டார். இனி நானாப் பாத்தால்தான் உண்டு.”

“மடையன்! எட்டியும் பாக்காமல் முடிவெடுக்கிறவனை என்ரை வகுப்பிலை எண்டால் வாங்குக்கு மேலை ஏத்தி நிக்க வைச்சிருப்பன்.”

“அப்ப இந்தப் படத்தை அந்த அம்மாவுக்கு அனுப்பினால் பிழையோ?”

“பிழையோ? கட்டாயம் அனுப்பவேணும். நானே அனுப்பிறன்!” அவன் உரக்க வாசித்தபடியே படத்தின் கீழ் எழுதினான். “‘இந்தப் பருப்புக்குப் பயந்து ஓடின உங்கடை மகனுக்கு, ஒரு பௌதிகவியல் ஆசிரியரின் ஆழ்ந்த அனுதாபங்கள்.’ எப்பிடி?”

“நல்ல வடிவாயிருக்கு. பேந்து மாத்தி எழுதமாட்டியளே?”

“ஒரு எழுத்தும் மாத்தமாட்டன். நம்பரைச் சொல்லுங்கோ.”

அருந்ததி எதையும் பார்க்காமல், மனப்பாடமாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். அவனும் மாணவனைப் போல ஒவ்வொன்றாக அழுத்தினான்.

“கடைசி, எட்டு.”

எட்டைத் தொட்டதும், அவன் சேமித்து வைத்திருந்த பெயர் திரையில் தானாகவே எழுந்து நின்றது: அம்மா.

குகதாசனின் விரல் அந்தரத்தில் நின்றது. அருந்ததி மூக்குக்கண்ணாடியை மாட்டி, அவனை ஒருமுறை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்துவிட்டு, வரிசையின் பக்கம் திரும்பினாள்.

“யாகோப்பு அண்ணை, நீங்கள் வந்து சந்திரனைப் பாருங்கோ. நான் வந்தது மாப்பிள்ளை பாக்க; பாத்திட்டன்.”