பென்சிலால் எழுதிய எண்

“நாலு சதவீதம்,” என்றார் ஆலோசகர். சொல்லிவிட்டு, எதிரே இருந்தவளின் கோப்பை வாங்கி, உள்ளட்டையில் பென்சிலால் ஏதோ குறித்து, மூடிக் கொடுத்தார்.

பெரிய பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் யாருக்கு இடம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று கணித்துச் சொல்வது அந்த அம்மாளின் தொழில். அவர் கணக்கு தப்பாது என்று பேர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘சதவீதம்’ என்றுதான் சொல்வார்கள்.

இடம் கேட்டு வந்தவள் கணவனுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரமாகக் கேள்வி அவளுக்கு, பதில் கணவனிடமிருந்து.

ரொட்டி ஆலையில் வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. பதினெட்டு வண்டிகள் ஓடிய தடத்தைப் பதினொன்றால் சமாளிக்க வைத்தவள் அவள்தான். அதையும் அவனே சொன்னான், “ஏதோ மேப் போடுவா மேடம்” என்று.

“கிடைச்சா அனுப்புவீங்களா?” என்று ஆலோசகர் கேட்டபோது அவன் சிரித்தான்.

“கிடைக்கிற மாதிரி இருந்தா இப்பவே சொல்லிடுங்க மேடம், இத்தோட நிறுத்திக்கலாம். ரெண்டு வருஷம் தனியா யாரு கிடந்து அல்லாடறது?”

ஆலோசகர் சிரிக்கவில்லை. அவளுடைய தேர்வு மதிப்பெண்ணை இன்னொரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்த நாலு.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். வெளியே தூறல். எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணாடியில் கரைந்து வழிந்தது. அதற்குள்ளிருந்து, எத்தனையோ சாயங்காலங்களில் அவள் மனசுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்ட அந்தக் கல்லூரி வகுப்பறை மெல்ல மிதந்து வந்தது. அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் இருக்கைகள். மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் காலி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது கொஞ்சம் தள்ளிப்போனது.

அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். அந்த அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது, மூஞ்சிக்கு நேரே இப்படியா சொல்வது என்று அவளுக்காகக் கோபித்துக்கொண்டான். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

“மனசை விட்டுடாதே. நாலு சதவீதம்தானே? ஆசைக்கு எழுதிப் போடு. எங்க கையெழுத்து வேணுமோ சொல்லு, போடறேன். எங்கம்மாகிட்டயும் நானே பேசிக்கிறேன்.”

இரண்டு வருஷமாக அவள் கேட்டும் அவன் வாயிலிருந்து வராத சம்மதம்.

வீட்டுக்கு வந்ததும் அவன் குளிக்கப் போனான். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு கோப்பைத் திறந்தாள். விண்ணப்பம் எழுதத்தான் போகிறாள்; ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த நாலு கண்ணில் படக் கூடாது.

உள்ளட்டையில் நாலு இல்லை. எழுபத்தெட்டு என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி:

‘இது உங்களுக்கு. நாலு, அவருக்கு.’

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். எங்கோ அந்த மூன்றாவது வரிசை மறுபடி கிட்டத்தில் வந்து நின்றது.

அவள் இரண்டு வரிகளையும் தடம் தெரியாமல் அழித்தாள். அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் ‘நாலு’ என்று எழுதி, அவன் வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி கோப்பைத் திறந்தே வைத்தாள்.