பக்கத்துப் படம்

"அந்தப் பொண்ணுகிட்ட போனாலே நம்ம அக்கவுண்டன்ட் ஏன்யா சிவக்கிறாரு?" என்று மேனேஜர் கேட்டதும் மீட்டிங் அறை கொல்லென்று சிரித்தது.

சுவரில் கம்பெனியின் புது வெப்சைட் பெரிதாக விழுந்திருந்தது. 'எங்கள் குழு' பக்கத்தில் டிசைனர் பெண்ணின் படத்தில் மவுஸ் பட்டால், அடுத்திருந்த அக்கவுண்டன்ட்டின் படம் குப்பென்று சிவந்தது. ரிட்டயராகும் வயதில் மனிதருக்கு இந்தச் சோதனை.

பக்கத்தை எழுதிய புரோகிராமர் நாற்காலியில் குறுகி உட்கார்ந்தான். நேற்று வரை அவள் படத்துக்கு அடுத்து இருந்தது அவன் படம். அவளிடம் வாய் திறந்து சொல்லத் துணிச்சல் இல்லாமல், அவள் படத்தைத் தொட்டால் அடுத்த படம் சிவக்கும்படி பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடில் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். படங்களைச் சரிபார்த்து, பக்கத்தில் வேண்டிய திருத்தம் செய்வது அவள் வேலை. அவள் பார்த்த பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

பக்கத்தில் விடுபட்டுப் போன அக்கவுண்டன்ட்டின் படத்தை, காலையில் மேனேஜரே தன் கையால் இருவருக்கும் நடுவே செருகுவார் என்று யார் கண்டது?

"என்னப்பா இது?"

"சின்ன தப்பு சார். கோட்ல ஒரு வரி, அடுத்து யார் படம் இருந்தாலும் பிடிச்சுக்கும். இப்பவே எடுத்துடறேன்."

அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. "அடுத்த படத்தை மாத்தத் தெரியும். முன்னாடி இருக்கிற படத்தை மாத்த வழி இருக்கா?" என்று நேற்றுதான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள். அவ்வளவு தேறியவளுக்கு இந்தக் குட்டு புரியாமலா போகும்? இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"இரு, உன்னையும் பார்த்துடுவோம்" என்று மேனேஜர் மவுஸை அவன் படத்துக்குக் கொண்டுபோனார்.

அக்கவுண்டன்ட் மறுபடியும் சிவந்தார்.

அறை இன்னும் பலமாகச் சிரித்தது. அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் எழுதிய வரி அடுத்த படத்தைத்தான் பிடிக்கும். அக்கவுண்டன்ட் இருந்ததோ அவனுக்கு முன்னால்.

மெல்லத் திரும்பினான். டிசைனர் பெண் லேப்டாப்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

இருவரையும் மாறி மாறிப் பார்த்த அக்கவுண்டன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நடுவுல நான் எதுக்கு? என் படத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிடுங்க."