கட்டிலில் கை வைக்காதீங்க

"முப்பத்தெட்டாயிரமா? ஒரு ஓட்டையை நாலடி தள்ளி வைக்கவா?"

கணவன் கேட்ட கேள்வியில் ஏணிமேல் நின்ற ஏ.சி. மெக்கானிக் தானாகவே ஒரு படி கீழே இறங்கினார்.

"ஓட்டையை மட்டும் தள்ளுறதில்லையே சார். சீலிங்கை வெட்டணும். உள்ளே காத்து வர்ற குழாயை நீட்டணும். அதுல தண்ணி கோக்காம உறை சுத்தணும். பழைய ஓட்டையை அடைச்சு மொத்தச் சீலிங்குக்கும் பெயின்ட் அடிக்கணும். இல்லேன்னா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்."

அது அவனுடைய அப்பாவின் அறை. குளிர்காற்று இறங்கும் அந்த ஓட்டை, வென்ட், சரியாக அவர் தலைமாட்டுக்கு மேலே இருந்தது. ராத்திரி முழுக்கக் குளிர்காற்று உச்சந்தலையில் கொட்டும். காலையில் கழுத்தைத் திருப்ப அவருக்கு அரைமணி நேரம் ஆகும். வென்ட்டின் தகடுகளைத் திருப்பிப் பார்த்தாயிற்று. ஒருநாள் அட்டை வைத்து அடைத்தும் பார்த்தாயிற்று, அறை அடுப்பாகிவிட்டது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "இதைச் சொன்னா என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்கற மாதிரி. ஆனா மனசு கேக்கல. கட்டிலை அந்த ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டீங்கன்னா சல்லிக்காசு செலவில்ல."

"கேட்டியா?" கணவன் மனைவி பக்கம் திரும்பினான். "தொழில் தெரிஞ்சவரே சொல்றாரு."

"கட்டில் நகரக் கூடாது," என்றாள் அவள். "வென்ட்டைத்தான் மாத்தணும்."

"கட்டில் என்ன, நட்டு வச்ச மரமா?"

"அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்."

"திரை போடுவோம்."

"இருட்டாயிடும்."

"விளக்கு போடுவோம்."

மருந்துக்கடையில் அவளுக்குப் பத்து மணிக்கு வேலை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. வேற எதுக்கும் நான் வாயைத் திறக்கல. கட்டில்ல மட்டும் கை வைக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

"பிடிச்ச பிடிதான் அவளுக்கு," என்றான் கணவன். "மாமனாருக்கு இவ்வளவு செஞ்சேன்னு நாலு பேருக்குக் காட்டணும். கட்டிலை நகர்த்தினா அதை யார் வந்து பார்க்கப் போறா?"

மெக்கானிக் குடும்ப வழக்கில் வாயைக் கொடுக்காமல் ஏணியை மடக்கினார்.

"அதைச் சுவர்ல சாத்திட்டு இப்படி ஒரு கை பிடிங்க. உங்களுக்கு வந்த கூலியைக் கொடுத்துடறேன்."

கூடத்தில் அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அது ஓய்வதற்குள் வேலை முடிந்தது. கட்டில் ஜன்னலோரம் போய்விட்டது. விரிப்பைக்கூடச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான். வெளுத்த விரிப்பில் வெயில் பளீரென்று விழுந்தது. காலியான இடத்தில் நின்று மேலே பார்த்தான். காற்று இப்போது வெறும் தரையில் கொட்டியது. இவ்வளவுதானே.

"அப்பா, கொஞ்சம் இங்கே வாங்க."

"என்னடா?"

"வாங்களேன்."

அப்பா வந்தார். நிலைப்படியை விரல் நுனியால் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். நேராக ஆறு காலடி எடுத்து வைத்தார். நின்றார். திரும்பினார். தினமும் உட்காருகிறவர் போல, கையைப் பின்னால் நீட்டி, நிதானமாக உட்காரப் போனார்.

அங்கே கட்டில் இல்லை.

மெக்கானிக் பாய்ந்து அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். பிடித்திருக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும்.

மகன் ஓடி வந்து பக்கத்தில் நின்றான்.

"கட்டில் எங்கேடா?" என்றார் அப்பா, மெக்கானிக்கின் மார்புக்கு நேராகப் பார்த்து.

இரண்டு கை தூரத்தில், அத்தனை வெயிலில், அது அங்கேயே கிடந்தது.

"எத்தனை நாளாப்பா?"

"எட்டு மாசம் இருக்கும்." குரலில் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரின் கூச்சம். "கண் நரம்பு போச்சு, இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன் பொண்டாட்டிதான் கூட்டிட்டுப் போனா. அவளைத் திட்டாதே. சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"ஏம்ப்பா?"

"தெரிஞ்சா நீ என்னைத் தனியா நடக்க விடுவியா? வீடு முழுக்கக் காலடி எண்ணி வச்சிருக்கேன். கட்டில்லேர்ந்து கதவு ஆறு. கதவுலேர்ந்து குளியலறை பதினொண்ணு. அவதான் பக்கத்துல நின்னு எண்ணிக் கொடுத்தா. யார் கையையும் பிடிக்காம போயிட்டு வந்துடுவேன். அது போதும்டா எனக்கு."

கண்ணாடி ஆலையில் தரம் பார்க்கிற வேலை மகனுக்கு. முடியளவு கீறல் இருந்தாலும் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவான். எட்டு மாதமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரின் முகத்தை இப்போதுதான் பார்த்தான்.

மெக்கானிக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கட்டில் கால்களின் பழைய தடங்கள் தரையில் நான்கு வட்டமாகத் தெரிந்தன. அவற்றின் மேலேயே, ஒரு நூல் பிசகாமல், இருவரும் கட்டிலை இறக்கினார்கள்.

அப்பா தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட காட்டிக்காதே. எனக்குக் கொடுத்த வாக்கை இத்தனை நாளா கட்டிக் காப்பாத்தினவ. தன்னாலதான் வெளியே வந்துச்சுன்னு மருகுவா."

மகன் கூடத்துக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தான்.

"வென்ட்டையே மாத்தச் சொல்லிட்டேன்."

"என்னங்க திடீர்னு?"

"கட்டிலை அளந்து பார்த்தேன்," என்றான் அவன். "ஜன்னல் பக்கம் இடம் பத்தல."