இந்தக் கண்ணுக்குப் புது ஆள்

"கண் பொருந்தவில்லை. நீங்கள் ஜெசிந்தா இல்லை" என்றது, கருவிழியைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டு மருந்து தரும் ஆஸ்பத்திரி இயந்திரம், மறுபடியும்.

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மருந்தும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தியே இரண்டு கண்ணிலும் அழற்சியைக் கிளப்பி, கருவிழியின் உருவத்தையே மாற்றிவிட்டது. சொட்டு மருந்து போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையைப் போலவே அந்தச் சொட்டு மருந்தும் இந்த இயந்திரத்துக்குள்தான் இருந்தது.

"கண்ணு சரியானதும் வாங்கக்கா" என்றான் கவுன்ட்டரில் இருந்த பால்துரை.

"சரியாக்குற மருந்து உள்ள இருக்கு, நான் வெளிய நிக்கேன். எப்படித் தம்பி சரியாகும்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பால்துரைக்கு இரக்கம் வந்துவிட்டது.

"ஒரு வழி இருக்குக்கா. பழைய ஜெசிந்தா இறந்துட்டதா போட்டுட்டு, இந்தக் கண்ணுக்குப் புது ஆளா சேர்த்துடுதேன். கண்ணு கெட்டவங்க எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுதோம்."

எரியும் கண்ணோடு அவள் தலையாட்டினாள். அவன் விசையைத் தட்டியதும் மருந்து பொத்தென்று விழுந்தது. அதை எடுப்பதற்குள் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மகள். முதலில் விசும்பல்தான் கேட்டது.

"அம்மா போன்ல யாரு பேசுறது? எங்கம்மா செத்துட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில இருந்து பள்ளிக்கூடத்துக்குச் சேதி வந்திருக்குன்னு டீச்சர் சொல்லுதாங்க."

ஜெசிந்தா போனைக் கவுன்ட்டருக்குள் நீட்டினாள்.

"பேசு. அவ அம்மாவை எதுக்குக் கொன்னேன்னு நீயே சொல்லு."