செவலைக்கு ஒரு மெத்தை

"இது முதுகெலும்புல இடிக்கும்" என்று சொல்லி, கனகராஜ் அந்த மெத்தையையும் ஒதுக்கித் தள்ளினார்.

கடைக்காரர் ஆசிஃப் சலித்துக்கொள்ளவில்லை. பாண்டி பஜாருக்குப் பின்னால், சந்துக்குள், குதிரைச் சாமான் விற்கிற கடை. சேணம் இல்லாமல் ஏறுகிறவர்கள் குதிரை முதுகில் கட்டுகிற மெத்தையை இப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற ஆள் அங்கே வருவது அபூர்வம்.

பங்கஜம் கணவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மனுஷன் எதையாவது பிடித்திருக்கிறது என்று சொல்லி, அதைச் செவலைக்குக் கட்டி, ஏறி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைமேல் ஏறிவிடுவார்.

செவலை குட்டை. விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், அதோடு சரி.

வெள்ளை பொல்லாதது. அதிலிருந்து விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டார்.

ஆனால் செவலைக்கு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதாம். வெறும் முதுகில் உட்கார்ந்தால் அதற்கு வலிக்குமாம். போர்வையை நாலாக மடித்துப் போட்டுப் பார்த்தாள். தலையணையை வைத்துக் கட்டிப் பார்த்தாள். வாயில்லா ஜீவனை இம்சை பண்ணுகிறாள் என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. போலீஸ் குதிரைப் படையில் காலத்தைக் கழித்தவர். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது, காலையில் சாப்பிட்டது மறந்தது, குதிரை மட்டும் மறக்கவில்லை.

முதல் தடவை அவரை வெள்ளைமேல் பார்த்தபோது தெருவே கூடும்படி அலறினாள். இப்போது அலறுவதில்லை. அவர் சவாரி முடித்து இறங்கும்வரை காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். பயம்கூட மரத்துப்போய்விட்டது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆசிஃப் உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார்.

கனகராஜ் அதைத் திருப்பிப்போட்டு, புறங்கையால் அடிப்பக்கத்தைத் தடவினார். கம்பளி. எங்கேயும் தையல் தடிக்கவில்லை. முதுகெலும்புக்கென்று நடுவில் நீளப் பள்ளம் விட்டிருந்தது. கட்டை விரலால் அழுத்தினார். அமுங்கி, மெல்ல எழும்பியது.

"கால் வைக்கிற அங்கவடி மாட்ட வளையம் கீதா?"

"இல்ல சார். இதுல அத்த மாட்டுனா ஒரு பக்கமா இழுத்துக்கும். ஆளு கவுந்துடுவாரு."

கனகராஜின் முகம் மலர்ந்தது. "தெரிஞ்ச ஆளுய்யா நீ. இதையே குடு."

அப்பாடா என்றிருந்தது பங்கஜத்துக்கு. ஆசிஃப் வயிற்று வாருக்கு அளவு கேட்டார். வீட்டில் டேப் வைத்து எடுத்துவந்ததைச் சொன்னாள்.

"இன்னாமா, ஆட்டுக்குட்டிக்கா?" என்று ஆசிஃப் சிரித்துவிட்டார். "பரவால்ல, கூட ரெண்டு ஓட்டை போட்டுத் தர்றேன்."

"செவலைக்கு வேணாம்பா" என்றார் கனகராஜ். "இவ்ளோ நல்ல சாமான அதுக்கா போடறது? வெள்ளைக்குக் கட்டலாம்." சொல்லிவிட்டுச் சுவரில் தொங்கிய கடிவாளங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

பார்த்துப் பார்த்து நல்லதாகத் தேடியதே வினையாகிவிட்டது.

"வெள்ளை எவ்ளோ உசரம்மா?" என்று ஆசிஃப் அவளிடம் கேட்டார்.

"மூணாவது மாடி" என்றாள் பங்கஜம்.

ஆசிஃப் நிமிர்ந்து பார்த்தார்.

பால் விலை சொல்கிற குரலில்தான் அவள் சொன்னாள். "வேளச்சேரில எங்க வூட்டு பால்கனி சுவருப்பா அது. செவலைன்றது சோபாவோட கைப்பிடி. உள்ள இருக்கிற கட்டை துருத்திக்கினு கீது. பால்கனிக்குக் கம்பி போட அசோசியேஷன்ல விடமாட்றாங்க, முன்பக்கம் அழகு கெட்டுடுமாம். கதவைப் பூட்டுனா கண்ணாடிய ஒடைக்கிறாரு."

ஆசிஃப் கையிலிருந்த வாரை மேஜைமேல் வைத்தார்.

"அங்க இன்னா குசுகுசுன்னு?" கனகராஜ் திரும்பி வந்தார்.

அது குதிரை இல்லை, சுவர் என்று தொண்டை வறள எத்தனையோ முறை அவரிடம் வாதாடியாயிற்று. இனி வாதாடத் தெம்பில்லை.

"வெள்ளைக்குக் காலு நொண்டுதுங்க" என்றாள்.

அவர் முகம் மாறியது. "எந்தக் காலு?"

"முன்னங்காலு." வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "எடது."

கனகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ கலவரத்தில் கல்லடிக்கு நடுவே நின்றவர். கண் கலங்கிவிட்டது.

"காலைலகூட ஏறினேனே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இப்பத்தாங்க கவனிச்சேன்."

"இனிமே அதுமேல யாரும் ஏறக் கூடாது."

அது உத்தரவு. ஆசிஃப் தன்னையறியாமல் "சரி சார்" என்றார்.

இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று பங்கஜத்துக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டச் சொன்னாள்.

"நொண்டுற குதிரைய தனியா வுடக் கூடாது" என்றார் கனகராஜ். "பயந்துக்கும். யாராவது பக்கத்துலயே நிக்கணும். யாரு நிக்கிறா அதுகிட்ட?"

"நான்தாங்க. தெனமும் நான்தான் நிக்கிறேன்."

கனகராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"உனக்குக் காலு வலிக்குமே" என்றார்.

அப்போதுதான் பங்கஜத்துக்கு அழுகை வந்தது.