மறுபடியும் கோளாறு

"இந்த ஓட்டைக் கேமராவோட அப்பா ஏம்மா மல்லுக்கட்டறார்? தலையைச் சுத்தித் தூக்கி எறி. புதுசு வாங்கித் தர்றேன்" என்றாள், வெளியூரிலிருந்து வந்திருந்த மகள்.

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடுகளவு ஸ்க்ரூ ஒன்றைப் பிடித்துத் திருகி, பேட்டரி மூடியைச் சாத்திவிட்டு, பட்டனை அமுக்கினார். லென்ஸ் வெளியே எட்டிப் பார்த்தது.

"வந்துருச்சு" என்றவர் கை கழுவப் போனார்.

அம்மா சட்டென்று மூடியைத் திறந்து, பேட்டரி முனையில் ஒரு காகிதத் துணுக்கைச் செருகினாள்.

"என்னம்மா பண்றே?"

"மெதுவாப் பேசு. பக்கவாதம் வந்த கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னார்ல? ரப்பர் பந்தைக் குடுத்தா, நான் என்ன குழந்தையான்னு எரிஞ்சு விழறார். போன மாசம் ஸ்பூனைப் பிடிக்க முடியாத கை. இன்னைக்கு ஸ்க்ரூவைத் திருகுது, பாத்தியா?"

அப்பா திரும்பி வந்து பட்டனை அமுக்கினார். கேமராவில் அசைவில்லை. மூடியைத் திறந்தார். துணுக்கை இரண்டு விரலால் எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"நேத்து ஸ்க்ரூவைக் கழட்டி வெச்சே, அது பரவாயில்ல. இது ரொம்பச் சுலபமாப் போச்சு. நாளைக்கு வேற ஏதாவது பெரிய கோளாறாப் பண்ணி வை."